குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் குடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் படிக்கிறவர்களும் பாதி வழிவரை அவரைச் சந்தேகப்படுவார்கள். நான் பதிமூன்று வருஷம் சந்தேகப்பட்டேன். அது போதும்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் ரத்தம் பார்க்கும் லேப் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவேன். ஊசிகளைக் கொதிக்க வைப்பேன். தரை துடைப்பேன். என் படிப்பு ஐந்தாவதோடு சரி. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எண்கள் நன்றாகத் தெரியும். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும்.

லேப் வைத்திருந்தவரே பரிசோதனையும் செய்வார். அவரை சார் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். என்னைவிட நாலு வயது சின்னவர். நல்ல மனுஷன்.

ஈரலுக்கு ரத்தம் பார்க்கிற விதம் எனக்கு மனப்பாடம். எடுத்த ரத்தத்தைக் குழாயில் விட்டு அப்படியே வைத்தால் உறைந்துவிடும். பிறகு மெஷினில் போட்டுச் சுற்ற வேண்டும். சிவப்பு அடியில் தங்கும். மேலே மஞ்சள் தண்ணி நிற்கும். அதற்குச் சீரம் என்று பெயர். அதில் ஒரு மருந்து விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, இன்னொரு மருந்து விட்டு, கடைசியில் ஒன்று ஊற்றுவார் சார். உடனே பழுப்பு நிறம் ஏறும். ஈரல் சரியாக இருந்தால் தண்ணி டீ மாதிரி இருக்கும். கெட்டிருந்தால் டிகாஷன் மாதிரி ஆகும். அந்த நிறத்தை மெஷினில் வைத்து எண்ணாக எடுத்து எழுதுவார். இரண்டு எண் வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் மெஷினுக்கு முன்னாலேயே நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, இது எத்தினி வரும்?" என்பார் சார்.

"நூறு தாண்டும் சார்."

தாண்டும். சார் சிரிப்பார். "மெஷின வித்துட்டு உன்னியே வச்சிக்கலாம் போலக்கீதே."

டிகாஷன் நிறம் வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் கண் மஞ்சளாக இருக்கும். அவர்களுக்குக் காமாலை. கண் வெள்ளையாக இருந்து குழாய் மட்டும் கறுத்தால், அந்த ஆளுடன் வந்த பெண்சாதியின் முகத்தைப் பார்த்தால் போதும். கேட்க வேண்டியதில்லை. அவளே படியில் உட்கார்ந்து என்னிடம் சொல்லுவாள். காலையிலேயே ஊத்திக்கிறான்க்கா என்பாள். இப்படி எத்தனையோ பேர். அதை வைத்து நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மஞ்சள் இல்லாமல் பழுப்பு ஏறினால் குடி. அந்த லேபில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதுவும் தப்பு.

என் அப்பா சாராயம் குடித்தவர். எனக்குப் பதினோரு வயதில், முடிச்சூரில் எங்கள் வீட்டுத் தரையில், ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தார். நானும் அம்மாவும் சாம்பல் போட்டு வாரினோம். குடிகாரன் வேண்டாம் என்று சொல்லித்தான் இவரைக் கட்டிக்கொண்டேன்.

இவர் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினார். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம்வரை வேனிலேயே உட்கார்ந்திருப்பார். கறுப்பு, நல்ல பருமன். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். பார்க்கிறவர்கள் என்னிடம், "வூட்டுக்காரர நல்லா வச்சிக்கினு கீற" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. பன். மத்தியானம் கலர் சோடா. வேறு பழக்கம் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. நானும் பேசுகிறவள் இல்லை. எங்களுக்கு ஒரே பெண். இரண்டு பேர் சேர்ந்து பேசாத பேச்சையெல்லாம் அவள் பேசுவாள்.

அவளுக்கு ஒன்பது வயது ஆனபோது இவருக்கு அசதி வந்தது. படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். வலது விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி கனக்கிறது என்றார். தெருமுனை டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஈரலுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குக் கூட்டிப்போனேன். சார் ரத்தம் எடுத்தார். நான்தான் மெஷினில் சுற்றினேன். வெளியே எடுத்தால் மேலே மஞ்சள் இல்லை. பால். அரிசி கழுவிய தண்ணி மாதிரி வெளுத்துக் கலங்கி இருந்தது.

"மாமா சாப்ட்டு வந்துட்டாரா?" என்றார் சார்.

"நேத்து சாப்ட்டதுதான்," என்றார் இவர்.

"பச்சத் தண்ணி கூடக் குடிக்கல சார். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றேன்.

சார் தாளின் அடியில் ஒரு வார்த்தை எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பால் மாதிரி என்று அர்த்தம் என்றார். அதைப் பற்றி அவரும் மேலே யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வேறு குழாய்களைக் கழுவிக்கொண்டே நிறம் வரக் காத்திருந்தேன்.

நிறம் வந்தது. டிகாஷன்.

"எத்தினிக்கா?" என்று சார் வழக்கம்போலக் கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் மெஷினில் வைத்தார். மேலே ஐம்பத்தெட்டு. கீழே நூற்று இருபத்தொன்று.

இவர் வெளியே பெஞ்சில் இருந்தார். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமா சாப்டுவாராக்கா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல சார்."

"வூட்ல யாருக்குத் தெரியுது," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானே மற்றப் பெண்சாதிகளிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "எவ்ளோ நாளா குடிக்கிறப்பா?"

"இல்ல சார்."

"பீரு, கள்ளு, எதுவும்?"

"இல்ல சார்."

டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாரும் மொதல்ல இப்டித்தாம்பா சொல்வாங்க. நிறுத்திடு. பொண்டாட்டி புள்ள இருக்குல்ல." என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அந்தச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வாசன வருது?" என்றார்.

"வேர்வ."

"அவ்ளோதான?"

"ரத்தம் பொய் சொல்லுமாய்யா? நான் எத்தினி பேருக்குப் பாத்துக்கீறேன்."

"ரத்தம் இன்னா சொல்லிச்சினு எனக்குத் தெரியாது. நான் குடிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. என் அப்பாவும் சத்தம் போடாமல்தான் பொய் சொல்லுவார்.

அன்றிலிருந்து காவல் இருந்தேன். வேனின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டூல்ஸ் பெட்டியைக் கிளறினேன். பன் சுற்றிய காகிதம்தான் கிடைத்தது. ஒன்றும் கிடைக்காததே எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நன்றாக மறைக்கிறாரே என்று நினைத்தேன். பெண்ணிடம் சொல்லிவைத்தேன், அப்பா முத்தம் கொடுத்தால் என்ன வாசனை என்று எனக்குச் சொல்லு என்று. அவள் போய்க் கன்னத்தைக் காட்டி முத்தம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பன்னு வாசன," என்றாள்.

அவருக்குக் கேட்டுவிட்டது. பிறகு அவர் பெண்ணுக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஈரலுக்கு எது நல்லது என்று எல்லாரும் சொன்னதையும் செய்தேன். காமாலைக்குச் சொல்கிற வைத்தியம்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். எண்ணெயை நிறுத்தினேன். குளுகோஸ் டப்பா வாங்கித் தினம் இரண்டு டம்ளர் கரைத்துக் கொடுத்தேன். மார்க்கெட் வாசலில் கரும்புச் சாறு பிழிகிறவரிடம் சொல்லிவைத்து ஒரு செம்பு வாங்கிவருவேன். கசப்பானதை முகம் சுளித்துக் குடித்தார். இனிப்பானதை மறுக்காமல் குடித்தார். உடம்பு இன்னும் பெருத்தது. தேறுகிறார் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். அறுபத்தாறு. நூற்று முப்பத்து நாலு. ஏறியிருந்தது.

லேப் படியில் உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணிடமிருந்துதான் அந்தக் கோயிலைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மாடம்பாக்கம் தாண்டி ஏரிக்கரையில் சின்ன அம்மன் கோயில். குடியை விடுகிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டுவார்கள். கறுப்பும் சிவப்பும் முறுக்கிய கயிறு. வலது மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டு குடித்தால் அம்மன் சும்மா விடாது என்பார்கள். அந்தப் பக்கத்தில் அந்தக் கயிறைப் பார்த்தாலே ஆளைத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம மாடம்பாக்கம் போணும்," என்றேன்.

"எதுக்கு?"

"கயிறு கட்ட."

"கட்டிக்கினா நிம்மதியா இருப்பியா?"

"இருப்பேன்."

"சரி."

வரிசையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். கை நடுங்குகிறவர்கள். பெண்சாதிகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அன்றைக்கும் குடித்துவிட்டு வந்திருந்தான். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற ஆள் திரும்பி, "அண்ணாத்த, உனுக்கு எந்தக் கட?" என்று கேட்டான். இவர் அம்மனையே பார்த்தார். "பெரிய எடம் போலக்கீது. நம்ம கடைக்கெல்லாம் வர மாட்டாரு," என்று அவன் சிரித்தான்.

பூசாரி கற்பூரம் ஏற்றி, "எத்தினி வருசமா குடிக்கிற?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "ரொம்ப வருசமா சாமி."

"இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லு."

"குடிக்க மாட்டேன்."

"இனிமேன்னு சேத்துச் சொல்லுப்பா."

"குடிக்க மாட்டேன்," என்று மறுபடியும் சொன்னார். பின்னால் கூட்டம் நின்றது. பூசாரி கட்டிவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். முழுக்கைச் சட்டை அவரிடம் கிடையாது.

பத்து நாள்கூட ஆகவில்லை. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா என்னைத் தேடி லேபுக்கு வந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா கயிறைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்து அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அந்த அம்மாதான் பள்ளிக்கூடத்தை நடத்தினார். கிறிஸ்தவங்க. கண்டிப்பானவர், ஆனால் ஞாயம் பார்க்கிறவர். இவரைக் கூப்பிட்டு விசாரித்ததை ஆயா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதை எழுதுகிறேன்.

"டிரைவர், இந்தக் கயிறு எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

"வூட்ல கட்டச் சொன்னாங்கம்மா."

"குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"குடிக்காதவருக்கு எதுக்கு இந்தக் கயிறு?"

இவர் நின்றாராம்.

"நாற்பது பிள்ளைங்க ஏறுற வண்டி. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க," என்றாராம் அந்த அம்மா. இவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா," என்றாள் ஆயா. "அந்தாளு குடிக்க மாட்டாருக்கா. நான் ஏழு வருசமா பக்கத்துல குந்திக்கினு வரேன். என் மூக்குக்குத் தெரியாதா?"

நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். "ரத்தத்துல கீதும்மா," என்றேன்.

"ரத்தத்துல இன்னா கீது? நான் ஆளப் பாத்துக்கீறேன்."

"நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

அவள் போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? குடிக்க மாட்டார் என்று பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அப்போது அது பொய் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு வேறெங்கும் அவரை வண்டி ஓட்ட எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வேனைக் குடியால் விட்டவர் என்று வேன் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெருங்களத்தூரில் ஒரு டயர் குடோனில் பகல் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நாற்காலியில் உட்காருகிற வேலை. கயிறை அவர் அவிழ்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதுவே நைந்து விழுந்தது. நான் புதுசு கட்டலாம் என்றேன். "கட்டு," என்று கையை நீட்டினார். இப்படி மூன்று முறை.

மூன்றாவது தடவை ரத்தம் பார்த்தபோதும் எண் இறங்கவில்லை. கயிறோடு குடிக்கிறார் என்று முடிவு செய்தேன். அது என் அப்பாகூடச் செய்யாத காரியம். அதற்கப்புறம் அவரைச் சாமி விளக்கைத் தொட விடவில்லை. சண்டை போடவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன். ஒரே வீட்டில் இருந்தோம். பெண் பெரியவளானாள். வரன் பார்க்க வந்தவர்கள், அப்பா எப்படி என்று தெருவில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டு இடம் அப்படிப் போயிற்று. மூன்றாவது இடம் குன்றத்தூர். அவர்கள் தெரிந்தே எடுத்தார்கள். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தார்கள். கல்யாணத்தில் இவரை ஓரமாகவே நிற்கச் சொன்னேன். நின்றார்.

ரத்தம் பார்த்த தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு நாள் இவர் மறுத்துப் பேசினால் எடுத்துக் காட்டலாம் என்றுதான் வைத்தேன். அவர் மறுத்துப் பேசவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வயிறு வீங்கியது. கால் வீங்கியது. கை மட்டும் குச்சியாக ஆனது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள், காமாலைக் கிருமி உண்டா என்று பார்த்தார்கள். அது இல்லை. சர்க்கரை இருந்தது. நிறைய இருந்தது.

"எத்தன வருஷமா சுகர்?" என்று கேட்டார் டாக்டர் அம்மா. சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தார்.

"சர்க்கர கீதுன்னே தெரியாதும்மா."

லேபில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் சர்க்கரை பார்ப்போம். இவருக்கு ஒரு தடவையும் பார்க்கவில்லை. நான் ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடிப்பாரா?"

"குடிப்பாரு," என்றேன். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அம்மா பழைய தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பையைக் கொடுத்தேன். மூன்று தாளையும் கட்டிலில் வரிசையாக வைத்தார். குனிந்து பார்த்தார். முதல் தாளின் அடியில் சார் எழுதிய வார்த்தையை விரலால் தொட்டார்.

"இது யாரு எழுதினது?"

"லேப் சார். பால் மாதிரி இருந்துச்சும்மா. வெறும் வயித்துல எடுத்தது. நான்தான் சுத்தினேன்."

"நீங்க லேப்ல இருந்தீங்களா?"

"குழா கழுவுவேன்."

என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஜன்னல் ஓரம் நின்று நிதானமாகச் சொன்னார். "இங்க பாருங்கம்மா. ரெண்டு நம்பர் இருக்கு. குடிச்சு ஈரல் கெட்டவங்களுக்குப் பெரும்பாலும் மேல இருக்கிறது பெருசா இருக்கும், கீழ இருக்கிறது சின்னதா இருக்கும். இவருக்கு மூணு தடவையும் கீழதான் பெருசு. ரெண்டு மடங்கு. ரத்தம் பால் மாதிரி இருந்திருக்கு. அது கொழுப்பு. அப்பவே உடம்பு பருமன்னு சொல்றீங்க. சர்க்கரை எப்ப வந்துதோ தெரியல."

"அப்டின்னா?"

"குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு படியும். வருஷக்கணக்கா படிஞ்சு ஈரல் சுருங்கிடும். இத வச்சு மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க பாத்து அவர் குடிச்சிருக்காரா?"

"இல்ல."

"வாசனை? தள்ளாட்டம்? பாட்டில்?"

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"இல்லம்மா."

"அப்புறம் எத வச்சு குடிப்பாருன்னு சொன்னீங்க?"

நான் அவர் கையில் இருந்த தாளைக் காட்டினேன்.

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எடுத்த ரத்தத்துல மேலதான் பெருசா இருக்கு. ஈரல் சுருங்கினப்புறம் அப்படி மாறிடும். பழசு இல்லன்னா நானும் குடின்னுதான் எழுதியிருப்பேன். அந்தக் காலத்துல டாக்டருங்களுக்கே இது பரவலாத் தெரியாதும்மா," என்றார். என்னைத் தேற்றச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நாற்பதுக்குமேல் போயிருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்ணில் எது பெரியது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அதற்கு ஐந்தாவது படிப்பே போதும்.

கரும்புச் சாறைப் பற்றி நான் டாக்டர் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"டாக்டரம்மா சொன்னாங்க," என்றேன். "குடி இல்லியாம். கொழுப்பாம். அந்தத் தாள்லயே கீதாம்."

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க சொன்னா நம்புவியா?" என்றார்.

"நம்பறேன்."

"சரி."

அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. அவரும் பிடிக்கவில்லை. "பாப்பாகிட்ட சொல்லிடு," என்றார். "ஸ்கூல் அம்மாகிட்டயும் சொல்லு."

பெண் மறுநாள் குன்றத்தூரிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் வைத்துச் சொன்னேன். அவள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். சின்ன வயதில் அவ்வளவு பேசியவள் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தாண்டி வார்டுக்குள் போனாள். குனிந்து அப்பாவுக்கு முத்தம் கொடுத்தாள். வெளியே வந்தபோது, "மூணு நாளு நான் இங்க இருந்துக்கிறேன், நீ வூட்டுக்குப் போம்மா," என்றாள். போய்விட்டு வா என்று சொல்லவில்லை, போ என்றுதான் சொன்னாள்.

போகிற வழியில் சேலையூரில் இறங்கினேன். பள்ளிக்கூடம் மூன்று மாடி ஆகியிருந்தது. நாலைந்து பஸ் நின்றது. அந்த அம்மா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆயிற்று என்றார்கள். ஆபீசில் இருந்த பெண்ணிடம் சொன்னேன், இங்கே முன்னால் ஒரு டிரைவர் இருந்தார், அவர் குடிக்கவில்லை என்று.

"எந்த டிரைவர்ம்மா?"

"வேன் ஓட்டினாரு. பதிமூணு வருசம் ஆச்சு."

"இப்ப என்ன வேணும்? சர்ட்டிபிகேட்டா?"

"ஒண்ணும் வேணாம். அவரு குடிக்கல. அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

அந்தப் பெண் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அங்கே இருந்தவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ஆறாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதி. வீட்டில் படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். சோறு, கறிக்குழம்பு, வடை வைத்தேன். அவருடைய தம்பி, என் கொழுந்தன், பல்லாவரத்திலிருந்து வந்திருந்தான். மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, இலை ஓரம் வைத்தான்.

"அது இன்னாத்துக்கு?" என்றேன்.

"அண்ணனுக்குப் புடிச்சத வைக்கணும் அண்ணி. மனசுல ஆச வச்சிக்கினு போயிடக் கூடாது."

"அவரு அத்தத் தொட்டதில்ல."

"சர்த்தான் அண்ணி. போனவரப் பத்தி இப்ப இன்னா."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். டாக்டர் அம்மா சொன்னது, மேல் எண், கீழ் எண், ரத்தம் பால் மாதிரி இருந்தது, குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு படியும் என்பது. எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாலி அறுத்தவள் பேசினால் கேட்கிற மாதிரி கேட்டார்கள். அவருடைய சித்தி முறையில் ஒரு கிழவி என் தோளைத் தடவி, "வச்சுட்டுப் போட்டும் கண்ணு. ஆம்பள குடிச்சா ஒரு மானக்கேடும் இல்ல," என்றாள்.

நான் பாட்டிலை எடுத்து மூடியை இறுகத் திருகிக் கொழுந்தன் கையில் கொடுத்தேன். "நீ குடிக்கிறதுன்னா குடி. அவரு பேர்ல குடிக்காத."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசலுக்குப் போனான். அங்கே நின்றவர்களிடம் சொன்னான். உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

"நானா சொன்னேன் அண்ணன் குடிக்கிறாருன்னு? கோயிலுக்கு இட்டுக்கினு போயி, நாலு பேரு பாக்கக் கயிறு கட்னது யாரு? அண்ணிதான? அப்ப ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா?"

பெண் என்னைப் பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை.

கற்பூரம் காட்டினேன். இலை போட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னேன். கொழுந்தனையும் போய்க் கூப்பிட்டேன். வந்தான். இரண்டாம் முறை சோறு கேட்டான். போட்டேன்.